டோன் நாப்பை மூடாமல் ஜாஸ் கிட்டார் சத்தம் எடுப்பது எப்படி

ஜாஸ் பழக வருகிறவர்கள் பலரும் முதல் வேலையாகக் கிட்டாரின் டோன் நாப்பை, அதாவது மேல் ஒலியைக் குறைக்கும் திருகை, பூஜ்யத்துக்குத் திருகிவிடுவார்கள். வீட்டு ஹாலில் தனியாக வாசிக்கும்போது அது கெட்டியாக, நன்றாகத்தான் கேட்கும். சனிக்கிழமை டேவானில் (ஊர் மண்டபத்தில்) கீபோர்டு, பேஸ் கிட்டார், டோலக் எல்லாம் சேர்ந்ததும் கிட்டார் இருக்கிற இடமே தெரியாது. வால்யூமைக் கூட்டினால் ‘பொம் பொம்’ என்று அடிச்சத்தம் கூடுமே தவிர, வாசிப்பது மைனரா மேஜரா என்பது பக்கத்தில் நிற்பவருக்கும் பிடிபடாது.

டிரெபிளே, அதாவது மேல் ஒலியே, இல்லாத சத்தம் ஜாஸ் டோன் ஆகாது. பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும்போது எழும் ‘டிக்’ மழுங்க வேண்டும், நடு ஒலி நிறைந்திருக்க வேண்டும், அடி ஒலி அளவோடு நிற்க வேண்டும். கைவைக்க வேண்டிய வரிசை இது: கம்பி, பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), வலது கை, கிட்டாரின் நாப், அதற்கப்புறம் ஆம்ப் (ஒலிபெருக்கி), கடைசியாக அறை. ஆம்பிலிருந்து தொடங்குகிறவர்கள் பேஸையும் டிரெபிளையும் மாற்றி மாற்றித் திருகி, தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பார்கள்.

எந்தக் கிட்டார் வேண்டும்

கையில் இருப்பதே போதும். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் பெரும்பாலும் புழங்குவது ஸ்ட்ராட் வடிவக் கிட்டார், லெஸ் பால் வடிவக் கிட்டார், 10 முதல் 20 வாட் வரை உள்ள ஒரு பயிற்சி ஆம்ப், கோயில் கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் எடுக்கும் பிஏ செட். இவற்றில் எதுவும் ஜாஸுக்குத் தடை இல்லை.

மின்சார ஜாஸ் கிட்டாரின் கதை, சார்லி கிறிஸ்டியன் வாசித்த கிப்சன் இஎஸ்-150இல் தொடங்குகிறது. அந்தக் கிட்டார் 1936இல் வந்தது. அதில் இருந்தது கழுத்துப் பக்கம் ஒரே ஒரு பிக்அப். பிறகு 1949இல் இஎஸ்-175 வந்தது. 1957 முதல் அதில் ஹம்பக்கர், அதாவது இரட்டைச் சுருள் பிக்அப், ஏறியது. ஜாஸ் கிட்டாரிஸ்டுகள் ஜோ பாஸ், ஜிம் ஹால் இருவர் கையிலும் கேட்ட சத்தம் அந்த மாடலுடையது. ஆனால் கனடாவின் எட் பிக்கர்ட் டெலிகாஸ்டரில் வாசித்தே பெயர் வாங்கினார். டெலிகாஸ்டரின் உடம்பு ஒரே கட்டை, குடைவு கிடையாது. ஆகவே குடைவான கிட்டார் இல்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் ஈரப்பதத்துக்கும் பிஏ செட் சத்தத்துக்கும் கட்டைக் கிட்டாரே தொல்லை குறைவு.

செலக்டர் சுவிட்சைக் கழுத்துப் பக்க பிக்அப்பில் வையுங்கள். அங்கே கம்பி அகலமாக அதிரும். பிரிட்ஜ் (உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) பக்கம் போகப் போக அதிர்வு இறுகி, மேல் ஒலிகள் மட்டும் தூக்கலாக வரும். ஸ்ட்ராட்டில் நடு பிக்அப்பையும் சேர்த்தால் வரும் மெல்லிய சத்தம் வேறு பாட்டுக்கு ஆகும், இதற்கு ஆகாது.

பழகுவதற்கு மூன்று கார்டுகள்

எந்த நாப்பைத் திருகினாலும் இந்த மூன்றையும் மெதுவாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்றே சுரம்.

டி மைனர் 7: ஐந்தாம் கம்பி 5ஆம் ஃபிரெட், நான்காம் கம்பி 3, மூன்றாம் கம்பி 5.
ஜி 7: ஆறாம் கம்பி 3, நான்காம் கம்பி 3, மூன்றாம் கம்பி 4.
சி மேஜர் 7: ஐந்தாம் கம்பி 3, நான்காம் கம்பி 2, மூன்றாம் கம்பி 4.

ஜி 7ஐ மட்டும் எடுத்துப் பார்ப்போம். ஆறாம் கம்பியின் ஜி சுமார் 98 ஹெர்ட்ஸ், நான்காம் கம்பியின் எஃப் 175, மூன்றாம் கம்பியின் பி 247. கார்டுக்கு உயிர் கொடுப்பது எஃப்பும் பியும்தான். இந்த இரண்டும் உரசுவதால்தான் அடுத்த கார்டுக்குப் போகச் சொல்லி காது கேட்கிறது. 98 ஹெர்ட்ஸ் ஜி மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டால் பேஸ் அதிகம் என்று அர்த்தம். அப்போது டிரெபிளைக் கூட்டக் கூடாது, பேஸைக் குறைக்க வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கம்பி

டோனில் ஆகப் பெரிய மாற்றத்தைக் குறைந்த செலவில் தருவது கம்பிதான். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 9 அல்லது 10 கேஜ் (முதல் கம்பியின் தடிமன் எண்) சுற்றுக்கம்பி ராக்குக்கும் சினிமாப் பாட்டுக்கும் பொருந்தும், ஜாஸுக்கு மெலிவு. தேவை ஃபிளாட்வூண்டு, அதாவது பட்டையான நாடாவால் சுற்றி மேல்பகுதி வழவழப்பாக இருக்கும் கம்பி. விரல் நகரும்போது ‘கீச்’ சத்தம் வராது, மேல் ஒலிகளும் தாமாகவே அடங்கும். டோன் நாப்பைத் திறந்து வைத்து வாசிக்கும் வசதி இதனால்தான் கிடைக்கிறது.

முதல் முறை மாற்றுகிறவர்கள் 11 கேஜில் தொடங்குவது நல்லது. டி'அடாரியோ குரோம்ஸில் 11–50 (முதல் கம்பி 11, ஆறாம் கம்பி 50) செட் உண்டு. விரல் பழகிய பிறகு 12–52க்குப் போகலாம். தோமாஸ்டிக் ஜாஸ் ஸ்விங் 12–50 இன்னும் மிருதுவாக இருக்கும், விலையும் கூடுதல். ஈப்போ வரை போயும் கிடைக்காவிட்டால் இணையத்தில் வரவழைத்துக்கொள்ளலாம். வாங்கும்போது மூன்றாம் கம்பி சுற்றுப் போட்டதுதானா என்று பாருங்கள். சுற்றில்லாத ஜி கம்பி கனமான செட்டில் மற்றவற்றைவிடத் துருத்திக்கொண்டு கத்தும், சுருதியும் நிற்காது.

அவசரத்துக்கு ஆக்கூஸ்டிக் கம்பியை எலெக்ட்ரிக் கிட்டாரில் மாட்டுவது வீண் வேலை. அதன் சுற்று வெண்கலம். காந்தத்துக்கு அது எட்டாது. சுற்றில்லாத இரண்டு கம்பியும் அலற, மற்ற நான்கும் முனகும். ஃபிளாட்வூண்டு வரும் வரை, நிக்கல் சுற்றுள்ள 11 கேஜ் கம்பியைப் போட்டுச் சில வாரம் வாசியுங்கள். புதுக் கம்பியின் மினுக்கு போனதும் ஓரளவு கிட்டே வரும்.

கனமான கம்பி போட்டால் கிட்டாரிலும் நாலு வேலை சேரும். இழுவிசை கூடி கழுத்து முன்பக்கம் வளையும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி, 7ஆம் ஃபிரெட் அருகே ஆறாம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.2 முதல் 0.25 மி.மீ. இருந்தால் சரி. கூட இருந்தால் ட்ரஸ் ராடை (கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, கம்பியைச் சுருதி சேர்த்து, அரை மணி கழித்து மறுபடி பாருங்கள். திருகு இறுகி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள்; ராடு அறுந்தால் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டிப் போகும்.

12ஆம் ஃபிரெட்டில் கம்பி உயரம் ஆறாம் கம்பிக்கு 2 முதல் 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 முதல் 2 மி.மீ. வரை இருக்கட்டும். ராக் கிட்டாரிஸ்டுக்கு இது உயரம். இங்கே அந்த உயரம் தேவை. கம்பி ஃபிரெட்டில் உரசாமல் முழுசாக அதிர்ந்தால்தான் சுரத்துக்கு உடம்பு வரும்.

மெல்லிய கம்பிக்கு வெட்டிய நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் படியும் துண்டு) குழியில் புதிய மூன்றாம் கம்பி உட்காராது. சுருதி ஏற்றும்போது ‘டிங்’ என்று குதித்தால் குழி இறுக்கம் என்று தெரிந்துகொள்ளலாம். பென்சில் கரியைத் தேய்த்தால் சின்ன இறுக்கம் தீரும். கம்பி குழிக்கு மேலேயே மிதந்தால் நட் அரம் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். பிறகு 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்து ஹார்மோனிக்கும் ஒன்றா என்று டியூனரில் பார்த்து, பிரிட்ஜில் அந்தக் கம்பி படியும் சாடிலை நகர்த்துங்கள். அழுத்திய சுரம் ஏறி நின்றால் சாடிலைப் பின்னே தள்ள வேண்டும், இறங்கி நின்றால் முன்னே.

ஸ்ட்ராட்டில் பிரிட்ஜ் ஸ்பிரிங்கில் மிதக்கும். கனமான கம்பி அதை முன்னே தூக்கிவிடும். பின்பக்க மூடியைக் கழற்றி ஐந்து ஸ்பிரிங்கும் மாட்டி, பிரிட்ஜ் உடம்போடு படியும் வரை திருகை இறுக்குங்கள். ஜாஸுக்கு ட்ரெமொலோ தண்டு தேவைப்படாது. பிரிட்ஜ் ஒட்டாமல் சும்மா நிற்கும் குடைவுக் கிட்டார் என்றால், கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக அவிழ்த்தால் பிரிட்ஜ் இடம் மாறி, அன்று முழுக்கச் சுருதி தேட வேண்டியிருக்கும்.

பிக்அப் உயரம்

இது திருப்புளி வேலை, ஐந்து நிமிஷம். கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, கம்பியின் அடிக்கும் பிக்அப்பின் மேலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். ஆறாம் கம்பிப் பக்கம் 3 மி.மீ., முதல் கம்பிப் பக்கம் 2 மி.மீ. என்று தொடங்குங்கள். கடையிலிருந்து வரும் கிட்டார்களில் பிக்அப் கம்பியை இடிக்கிற மாதிரி உயர்ந்திருக்கும். சத்தம் பெரிதாக வரும், ஆனால் அடிக்கம்பிகள் குழையும். ஸ்ட்ராட்டில் இன்னொரு தொல்லை: காந்தமே கம்பியை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி தள்ளாடும். அங்கே தாராளமாக இறக்கலாம். போன சத்தத்தை ஆம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வலது கை

மெல்லிய பிக் கம்பியில் பட்டதும் வளைந்து ‘சட்’ என்று உதறும். அந்த உதறல்தான் ஆம்பில் ‘டிக்’ ஆகிறது. 1.5 மி.மீ.க்குக் குறையாத தடித்த பிக்கை எடுங்கள். 2, 3 மி.மீ.யும் பலர் வைத்துக்கொள்கிறார்கள். கூர்முனைக்குப் பதில் பிக்கின் தோள்பக்கத்தால், அதாவது உருண்ட மூலையால் அடித்துப் பாருங்கள். டோன் நாப்பை மூன்று புள்ளி குறைத்த பலன் அதிலேயே கிடைக்கும்.

அடிக்கும் இடமும் முக்கியம். கழுத்து முடியும் இடத்துக்கும் கழுத்துப் பக்க பிக்அப்புக்கும் நடுவே கை இருக்க வேண்டும். ராக் வாசித்துப் பழகிய கை தானாக பிரிட்ஜ் பக்கம் ஓடிப்போகும். இரண்டு அங்குலம் நகர்ந்தால் ஆம்பில் ஒரு நாப் திருகினது போல மாறும்.

வெஸ் மாண்ட்கோமரி பிக்கே பிடிக்காமல் கட்டைவிரலால் வாசித்தவர். கட்டைவிரலின் சதை படும்போது டிரெபிளைக் குறைக்க வேண்டிய வேலையே இல்லை. சொல்லப்போனால் ஆம்பில் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும். ஒரே செட்டிங்கில் பிக்கும் கட்டைவிரலும் மாறி மாறி வாசிப்பவர்கள் பிக்குக்கு டோன் 5, விரலுக்கு 8 என்று கிட்டாரிலேயே பிரித்துக்கொள்ளலாம்.

கிட்டாரின் இரண்டு நாப்

வால்யூம் 7 அல்லது 8இல் இருக்கட்டும். கொஞ்சம் இறக்கும்போது, பிக்அப்புக்கும் கேபிளுக்கும் நடுவே தடை சேர்ந்து மேல் ஒலி இலேசாகக் கழியும். ராக்காரர்களுக்கு இது குறை. அதற்காகவே சிறு கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். அந்த மாதிரி மாற்றிய கிட்டார் உங்கள் கைக்கு வந்தால் வால்யூம் இறங்க இறங்க சத்தம் மெலிந்து கூர்மையாகும். ஜாஸுக்கு அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிடலாம்.

டோன் நாப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை 10இலிருந்து மெல்ல இறக்கும்போது மேல் ஒலி படிப்படியாக மழுங்கும். அடியோடு மூடினால் நடப்பது வேறு. பிக்அப்பின் சுருளும் டோன் கெப்பாசிட்டரும் நேராகச் சேர்ந்து புதியதொரு ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. சுமார் 4.4 ஹென்றி தூண்டல் உள்ள ஹம்பக்கரில் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருந்தால் அது ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸில் புடைக்கும்; 0.047 என்றால் 350இல். புடைப்புக்கு மேலே எல்லாம் சரிந்துவிடும். மூக்கடைத்துக்கொண்டு பேசுவது போன்ற அந்தச் சத்தம் இங்கிருந்துதான் வருகிறது. ஆம்பில் எந்த நாப்பைத் திருகியும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. கிட்டாரிலேயே போய்விட்டதை ஆம்ப் எங்கிருந்து கொண்டுவரும்?

செய்யும் முறை இது. டோனை 10இல் வைத்து முதல் கம்பியில் ஒற்றைச் சுரங்களை பிக்கால் அடியுங்கள். மெதுவாக இறக்குங்கள். ‘டிக்’ மறையும் இடத்தில் நிறுத்தி, அரைப் புள்ளி மேலே ஏற்றுங்கள். பல கிட்டார்களில் இது 4க்கும் 7க்கும் நடுவே வரும். சிலவற்றில் 10 முதல் 3 வரை ஒன்றுமே மாறாமல், 2இல் ‘சடார்’ என்று அடைத்துவிடும். நாப்புக்கு அடியில் உள்ள பாட் (மாறும் மின்தடை) இழைய வேண்டிய விதத்தில் இழையாத வகை. பின்னால் ‘பி’ என்ற எழுத்தோடு இருந்தால் ‘ஏ’ எழுத்துள்ளதாக மாற்றுங்கள். ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம், ஒற்றைச் சுருளுக்கு 250. பற்றவைக்கத் தெரிந்தவர் இருந்தால், கெப்பாசிட்டரையும் 0.015 அல்லது 0.01க்கு மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் டோனை எவ்வளவு மூடினாலும் அவ்வளவாக மொத்தையாகாது.

கேபிளின் நீளத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண கேபிள் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் மேல் ஒலியைத் தின்னும். மேடைக்கு 6 மீட்டர் எடுத்துப்போனால் வீட்டில் 3 மீட்டரில் பார்த்த டோன் சற்றே இருளும். அங்கே டோனை ஒரு புள்ளி திறந்தால் சரியாகிவிடும்.

ஆம்ப்

முதலில் கிளீன் சேனல். கெயின் குறைவாக, மாஸ்டர் கூடுதலாக. எஃபெக்ட் எல்லாம் அணைந்திருக்கட்டும். கோரஸ், டிலே பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிரைட் சுவிட்ச் இருந்தால் அணையுங்கள், பிரசென்ஸ் இருந்தால் அடியில் வையுங்கள்.

ஃபெண்டர் வகை ஆம்பில் எல்லா நாப்பையும் 5இல் வைப்பது நடுநிலை என்று தோன்றும், அது உண்மை இல்லை. அந்தச் சுற்று 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் தோண்டும்படி அமைந்தது. பேஸ் 2, மிடில் 8 முதல் 10, டிரெபிள் 3 என்று வைத்தால்தான் பள்ளம் நிரவி சமதளத்துக்குப் பக்கத்தில் வரும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காதை நம்புங்கள். மிடில் நாப் இல்லாத சின்ன மாடல்களில் பேஸையும் டிரெபிளையும் 2, 3க்கு இறக்கி வால்யூமை ஏற்றினால் நடு ஒலி தானாக மேலே வரும். இரண்டு இன்புட் உள்ளவற்றில் இரண்டாவதில் செருகினால் சத்தம் பாதியாகக் குறையும். ஹம்பக்கரின் பலத்தில் ஆம்பின் சத்தம் உடையாமல் இருக்க அது உதவும்.

ரோலண்ட் ஜேசி-120, 1975 முதல் பல மேடைகளில் நிற்கும் ஆம்ப். ஒலிப்பதிவுக் கூடத்திலோ வாடகை செட்டிலோ எதிர்ப்பட வாய்ப்பு அதிகம். டிஸ்டார்ஷன் அணைத்து, கோரஸ் அணைத்து, பேஸ் 4, மிடில் 7, டிரெபிள் 3 என்று தொடங்குங்கள். இது டிரான்சிஸ்டர் ஆம்ப். பிக் சத்தத்தை மன்னிக்காது. தோள்பக்கத்தால் அடிக்கும் பழக்கம் இங்கே கைகொடுக்கும்.

பாஸ் கடானா போன்றவற்றில் ஆம்ப் வகையைக் கிளீனில் வைத்து, கெயின் கடிகாரத்தின் 9 மணிப் பக்கம், பேஸ் 10 மணி, மிடில் 1 அல்லது 2 மணி, டிரெபிள் 10 மணிப் பக்கம். அதில் வாட் குறைக்கும் சுவிட்ச் இருப்பதால், தாமான் (குடியிருப்பு) வீட்டில் சுவர் ஒட்டி அண்டை வீட்டார் இருந்தாலும் மாஸ்டரை ஏற்றி வாசிக்கலாம்.

6 அல்லது 8 அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில் பேஸைக் கூட்டிப் பெரிய ஆம்ப் சத்தம் எடுக்க நினைத்தால் கூம்பு படபடக்கும். அது முடியாத காரியம். பேஸை 3இல் வைத்து, மிடிலை ஏற்றி, இருப்பதைத் தெளிவாக எடுங்கள். பழைய 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி கிடைத்து, ஆம்பில் வெளி ஸ்பீக்கர் ஜாக்கும் இருந்தால், ஓம் அளவு ஆம்ப் கேட்கும் அளவுக்குக் குறையாமல் பார்த்து இணைத்துப் பாருங்கள். ஆம்பை மாற்றினதுபோல இருக்கும்.

ரிவெர்ப் 1.5 அல்லது 2க்கு மேல் வேண்டாம். வாசிப்பதை நிறுத்தினால்தான் அது இருந்தது தெரிய வேண்டும்.

எல்லாம் வைத்தான பிறகு அந்த மூன்று கார்டுகளை வாசியுங்கள். ஜி மட்டும் உறுமினால் பேஸைக் குறையுங்கள். சுரங்கள் தனித்தனியாகக் கேட்டு, ஆனால் தகரம் மாதிரி இருந்தால் மிடிலை ஒரு புள்ளி இறக்குங்கள். கார்டு நன்றாக இருந்து முதல் கம்பியின் ஒற்றைச் சுரங்கள் மட்டும் குத்தினால் ஆம்பைத் தொடாமல் கிட்டாரின் டோனைக் குறையுங்கள்.

அறையும் மேடையும்

காது சின்னச் சத்தத்தில் அடி ஒலியைக் குறைவாகவே கேட்கும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933இல் அளந்து காட்டிய விஷயம் இது. ராத்திரி சத்தம் குறைத்து வாசித்துச் சரியாக்கிய பேஸ், மேடைச் சத்தத்தில் மூன்று மடங்காகத் தெரிவது அதனால்தான். எந்தச் சத்தத்தில் வாசிக்கப்போகிறீர்களோ அந்தச் சத்தத்தில்தான் நாப்களை முடிவு செய்ய வேண்டும்.

சிமெண்டுத் தரையில், இரண்டு சுவர் சேரும் மூலையில் ஆம்பை வைத்தால் தரையும் சுவர்களுமாக அடி ஒலியை ஊட்டி வளர்க்கும். தோட்டத்து டேவான்கள் பெரும்பாலும் சிமெண்டுத் தரை, தகரக் கூரை, திறந்த பக்கங்கள். ஆம்பை நாற்காலி அல்லது கவிழ்த்த பிளாஸ்டிக் கிரேட் மேல் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். முகத்தை உங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வைப்பது இன்னும் நல்லது. மேல் ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும். ஆம்ப் முழங்காலுக்குக் கீழே இருந்தால் நிற்கிற உங்களுக்கு மந்தமாகக் கேட்கும், டிரெபிளைக் கூட்டுவீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காது கிழியும். ரிவெர்பை அங்கே முழுக்க அணைத்துவிடுங்கள், கூரையே போதுமான அளவு எதிரொலிக்கும்.

பேஸ் கிட்டாரிஸ்ட் இருந்தால் ஆம்பில் பேஸை இன்னும் ஒரு புள்ளி குறையுங்கள். தனியாகக் கேட்டால் ஒல்லியாகத் தோன்றும்; கூட்டத்தில் அதுதான் சரி. கீபோர்டுக்காரரிடம் இடது கையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வது எந்த நாப்பும் தராத பலனைத் தரும்.

ஆம்ப் இல்லாமல் நேராக மிக்சரில் செருகச் சொன்னால் கவனம். பிக்அப்புக்கு ஏறக்குறைய 1 மெகா ஓம் தடையுள்ள இன்புட் தேவை. மிக்சரின் சாதாரண இன்புட்டில் தடை குறைவு. சத்தம் உயிரில்லாமல் வரும். ‘ஹை-இசட்’ என்று எழுதிய இன்புட் இருந்தால் அதில் செருகுங்கள், இல்லையென்றால் நடுவே டிஐ பெட்டியோ (கிட்டாரை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), பஃபர் உள்ள பெடலோ, பிரீஆம்ப் பெடலோ வேண்டும். இன்னொன்று: கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே சரிந்துவிடும், பிஏ ஸ்பீக்கர் 15 வரை பாடும். அதனால்தான் நேரடி இணைப்பில் கம்பிச் சத்தம் ஊசியாகக் குத்துகிறது. கேபினெட் சிமுலேஷன் (கிட்டார் ஸ்பீக்கர் போல ஒலிக்கச் செய்யும் வசதி) உள்ள பெடல் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் மிக்சரில் ஹையை நன்றாக இறக்கி, ஸ்வீப் மிட்டை 3 கிலோ ஹெர்ட்ஸில் வைத்துக் குறைத்து, லோ கட் பொத்தானை அமுக்குங்கள்.

குடைவுக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஊளைதான் (ஃபீட்பேக்) பெரிய தலைவலி. பெரும்பாலும் 100 முதல் 250 ஹெர்ட்ஸுக்குள் எழும். ஸ்பீக்கரை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், மானிட்டரிலிருந்து கிட்டாரை எடுக்கச் சொல்லுங்கள், எஃப் வடிவத் துளைகளில் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகுங்கள். ஈக்யூவில் அந்த இடத்தை மட்டும் வெட்டுவது கடைசி வழி. அதே இடத்தில்தான் எஃப்பும் பியும் இருக்கின்றன.

கரண்டும் ஈரமும்

தொடாமல் இருந்தால் இரைந்து, கம்பியைத் தொட்டதும் அடங்கினால் கிட்டாரின் உட்பக்கக் கவசம் போதவில்லை. செப்பு நாடா ஒட்டினால் குறையும். ஒற்றைச் சுருள் பிக்அப்பில் 50 ஹெர்ட்ஸ் முனகல் இயல்பு, திரும்பி நிற்கும் திசையில் கூடிக் குறையும். ஆனால் கம்பியையும் மைக்கையும் ஒரே நேரத்தில் தொட்டால் ‘சுர்’ரென்று பிடித்தால் எர்த் இல்லை என்று பொருள். வாசிப்பை நிறுத்தி வயரிங்காரரைக் கூப்பிடுங்கள். பழைய லயத்து வீடுகளிலும் தற்காலிகப் பந்தல்களிலும் மூன்று பின் சாக்கெட் இருந்தும் எர்த் கம்பி எங்கும் போகாமல் இருப்பதுண்டு. இரைச்சலைத் தீர்க்க எர்த் பின்னை எடுத்துவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. ஆம்பையும் பெடலையும் ஒரே எக்ஸ்டென்ஷனிலும், விளக்கு டிம்மரை வேறு லைனிலும் போட்டாலே பாதி இரைச்சல் போகும்.

இணையத்தில் அமெரிக்காவிலிருந்து ஆம்ப் வாங்கினால் பின்பக்கம் 120 வோல்ட் என்றிருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அங்கேயே புகைந்துவிடும். ஆம்ப் இழுக்கும் வாட்டுக்கு மேல் தாங்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

மழைக்காலத்தில் சுற்றுக்கம்பி ஒரு மாதத்திலேயே துருவேறும். ஃபிளாட்வூண்டு அதைவிட வெகுகாலம் தாங்கும், ஆனால் வாசித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் துடைக்க வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை இரண்டு போடுங்கள். குளிர்சாதன அறையிலிருந்து டேவானுக்கு எடுத்துப்போனால் பெட்டியைத் திறந்தவுடன் சுருதி சேர்க்க வேண்டாம், இருபது நிமிஷம் விடுங்கள். நாப் திருகும்போது ‘கரகர’ என்றால் பாட் உள்ளே காண்டாக்ட் கிளீனரை ஒரு சொட்டு அடித்து, நாப்பை இருபது தடவை முன்னும் பின்னும் திருகுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே அதற்கு ஆகாது. எண்ணெய் தங்கி தூசியைப் பிடித்து இன்னும் கெடுக்கும்.

இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவுங்கள். ரொம்ப நாள் மூடிக்கிடந்த ஆம்பின் பின்பக்கத்தை, பிளக் உருவிய நிலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லி முட்டையும் எறும்புக் கூடும் சர்க்யூட் போர்டில் இருந்தால், சுவிட்ச் போடும் முன் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிடுங்கள். வால்வு ஆம்ப் என்றால் உள்ளே கைவிட வேண்டாம். பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்; அதைத் தெரிந்த டெக்னீஷியன் திறக்கட்டும்.